தொலைக்காட்சியும் நாகரிக வரம்பும்

நாடக மேடையிலே ஒரு காட்சி நடைபெறுகின்றது. அதனைக் காண விரும்புவோர் பணங் கொடுத்துச் சீட்டுப் பெற்று மண்டபத்துக்குச் செல்கின்றனர். விரும்பாதோர் வீட்டிலே இருந்துவிடுகின்றனர். நூலொன்றிலே தகாத பகுதி இருப்பின் அதனை வாங்காது விடலாம். வாங்கிய பின்னரும் மூடி வைத்துவிடலாம். வானொலியும் தொலைக்காட்சியும் இவ்விரண்டுக்கும் வேறானவை. மக்களைத் தம்மிடம் வரவழைக்காது, தாமே மக்களின் இல்லங்களுக்குள் நுழையும் இயல்பின அவை. பாட்டியும் பேரனும் ஒருங்கே அமர்ந்திருக்கும் வீட்டுக் கூடத்தின் நடுவே அவை வந்து நின்று பேசுகின்றன. ஆதலினால், மேடைக்குப் பொருந்தும் வரம்பு வேறு, வீட்டுக் கூடத்துக்குப் பொருந்தும் வரம்பு வேறு என்னும் எண்ணம் ஒலிபரப்புத் தொடங்கிய காலம் முதலாகவே பல நாடுகளில் நிலவி வருகின்றது.

அவ்வரம்பை வகுப்பவர் யார்? அது மீறப்பட்டது என்பதை எவ்வாறு தீர்மானிப்பது? மீறியவரை எவ்வளவு தண்டிப்பது? இக்கேள்விகள் எளியன போலத் தோன்றினும், விடை காண்பது அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு விநாடியிலும் குறைந்த நேரமே தோன்றிய ஒரு காட்சி எட்டாண்டு கால வழக்காக நீண்ட வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

2004 ஆம் ஆண்டு பெப்ரவரி 1 ஆம் திகதி, டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரிலே, அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் ஆண்டிறுதிப் பெரும்போட்டியாகிய 'சூப்பர் போல்' நடைபெற்றது. இப்போட்டி நாள் அந்நாட்டினருக்கு ஏறத்தாழ ஒரு திருவிழா நாளைப் போன்றது. உற்றார் உறவினர் ஒன்றுகூடி, உண்டு மகிழ்ந்து, சிறுவர் முதியோர் என்ற வேறுபாடின்றித் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பர். அவ்வாண்டு சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய அப்போட்டியைச் சுமார் 9 கோடி மக்கள் கண்டனர். ஆட்டத்தின் இடைவேளையில் இசை நிகழ்ச்சியொன்று இடம்பெற்றது. பாடகி ஜனற் ஜாக்சனும் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் இணைந்து பாடினர். பாட்டின் இறுதியிலே டிம்பர்லேக் கையை நீட்டி ஜாக்சனின் மேலாடையின் ஒரு பகுதியைப் பற்றி இழுத்தார். அவருடைய வலது மார்பகம் வெளியே தெரிந்தது. படப்பிடிப்புக் கருவி உடனே வேறு பக்கம் திரும்பிவிட்டது. பிற்காலத்தில் நீதிமன்றம் குறித்த கணக்கின்படி, அக்காட்சி நிலைத்த நேரம் ஒரு விநாடியின் 16 இல் 9 பங்கு மாத்திரமே.

கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்த அக்காட்சியினால் எழுந்த சினம் எளிதில் மறையவில்லை. ஒலி, ஒளிபரப்பு நிலையங்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கும் சமஷ்டித் தொடர்பு ஆணைக்குழுவுக்கு 5 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் வந்து குவிந்தன. ஆணைக்குழுவின் தலைவராகிய மைக்கல் பவல் மறுநாளே விசாரணைக்கு உத்தரவிட்டார். அந்நாட்டுச் சட்டமன்றமாகிய காங்கிரசிலே தொலைக்காட்சி நிறுவனத்தார் அழைக்கப்பட்டுக் கடுமையாக வினவப்பட்டனர். அது திட்டமிடாது நேர்ந்த ஆடைப் பிழையே என்று பாடகர் இருவர் தரப்பினரும் கூறினர். சினந்தோர் பலர் அதனை நம்பவில்லை.

இச்சினத்துக்குச் சட்டம் எவ்வாறு இடங் கொடுத்தது என்பதை அறிதல் வேண்டும். பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்புத் திருத்தம் அங்கே 1791 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. பத்திரிகை எதை அச்சிடலாம் என்று அரசாங்கம் அனுமதி வழங்குவதில்லை. ஒலிபரப்பு மட்டும் வேறாக நடத்தப்பட்டமைக்குக் காரணம் யாது? வானலைகள் பொதுச் சொத்து. பயன்படுத்தத்தக்க அலைவரிசைகளோ எண்ணிக்கையிற் குறைந்தவை. அண்மையிலுள்ள இரு நிலையங்கள் ஒரே அலைவரிசையிற் பேசினால் இரண்டும் காதில் விழாமற் போகும். ஆகவே, அனுமதிப் பத்திரம் பெற்றவரே ஒலிபரப்பலாம் என்று 1927 ஆம் ஆண்டின் வானொலிச் சட்டம் விதித்தது. ஆபாசமான சொற்களையும் அநாகரிகமான சொற்களையும் ஒலிபரப்பலாகாது என்றும் அச்சட்டமே கூறியது. 1934 ஆம் ஆண்டின் தொடர்பாடல் சட்டம் சமஷ்டித் தொடர்பு ஆணைக்குழுவைத் தோற்றுவித்து, இப்பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தது.

ஆபாசம், அநாகரிகம் என்னும் இரு சொற்களும் பேச்சு வழக்கில் ஒரே பொருளில் வழங்கினும், அந்நாட்டுச் சட்டத்தில் அவை வெவ்வேறு பொருளுடையன. காம இச்சையைத் தூண்டுவதையே நோக்கமாகக் கொண்டு, கலைச் சிறப்போ அறிவுப் பயனோ சற்றும் இல்லாதது ஆபாசம். அதற்கு எவ்விடத்தும் எந்நேரத்தும் பாதுகாப்பு இல்லை. அநாகரிகம் என்பது அதனிலும் ஒரு படி குறைந்தது. உடலின் மறைவிடங்களையோ பாலுறவு, கழிவு ஆகியவற்றின் செயல்களையோ, ஒலிபரப்புக்குப் பொருந்திய சமூக நியதிக்கு மாறாக, வெளிப்படையாக மனம் புண்படும் வகையிற் காட்டுவதும் கூறுவதும் அதில் அடங்கும். அதனை முற்றாகத் தடை செய்ய இயலாது. சில நேரங்களில் விலக்கி வைக்கவே இயலும்.

இவ்வேறுபாட்டை நாட்டுக்கு உணர்த்திய வழக்கு ஒரு வானொலி நிகழ்ச்சியினால் எழுந்தது. 1973 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், நியூயோர்க் நகர வானொலி நிலையமொன்று ஜோர்ஜ் கார்லின் என்னும் நகைச்சுவையாளரின் பேச்சொன்றைப் பிற்பகல் 2 மணியளவில் ஒலிபரப்பியது. ஒலிபரப்பக் கூடாத கொச்சைச் சொற்களைப் பற்றிய அப்பேச்சிலே அச்சொற்களே மீண்டும் மீண்டும் வந்தன. தம் மகனுடன் மோட்டார் வண்டியிற் சென்றபோது அதனைக் கேட்ட தந்தையொருவர் ஆணைக்குழுவுக்கு முறையிட்டார். அந்த ஒரே முறைப்பாடு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1978 ஆம் ஆண்டிலே, ஐந்து நீதியரசர் ஒரு புறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, ஆணைக்குழுவின் அதிகாரத்தை நிலைநிறுத்தினர். ஒலிபரப்பு மனிதனுடைய வாழ்வில் எங்கும் பரவி நிற்பது. வீட்டின் அந்தரங்கத்துக்குள்ளும் நுழைவது. எழுத்தறியாத குழந்தைக்கும் எட்டுவது. இவையே அத்தீர்ப்பின் காரணங்கள். பன்றி தொழுவத்தில் இருந்தால் குற்றமில்லை, வரவேற்பறையில் இருந்தால் தொல்லை என்ற பழைய தீர்ப்பொன்றின் உவமையையும் நீதியரசர் ஸ்ரீவன்ஸ் அங்கே எடுத்தாண்டார். பொருள் ஒன்றே, இடமும் நேரமுமே அதனைக் குற்றமாக்குகின்றன என்பது கருத்து.

இக்கருத்திலிருந்து கடிகார விதி பிறந்தது. பல வழக்குகளுக்குப் பின்னர், 1995 ஆம் ஆண்டளவில் அது உறுதி பெற்றது. காலை 6 மணி தொடக்கம் இரவு 10 மணி வரை குழந்தைகள் கேட்கவும் காணவும் கூடிய நேரம். அந்நேரத்தில் அநாகரிகமானவை இடம்பெறலாகா. இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை வளர்ந்தோருக்குரிய நேரம். இதனுடன் வழக்கமொன்றும் நிலைபெற்றிருந்தது. நேரடி ஒலிபரப்பிலே எதிர்பாராது வாய் தவறி வந்த ஒரு சொல்லையோ, நொடிப்பொழுதில் தோன்றி மறைந்த ஒன்றையோ ஆணைக்குழு பெரிதுபடுத்துவதில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலையங்கள் இவ்வழக்கத்தை நம்பியே இயங்கின.

2004 ஆம் ஆண்டு இந்நிலை மாறியது. அதற்கு முந்திய ஆண்டின் விருது விழாவொன்றிலே பாடகர் பொனோ மகிழ்ச்சி மிகுதியாற் கூறிய ஒரு சொல்லைக் குற்றமன்று என்று ஆணைக்குழுவின் அலுவலர் முன்னர் தீர்த்திருந்தனர். 2004 மார்ச்சிலே ஆணைக்குழு அதனை மாற்றி, ஒரு முறை ஒலித்த சொல்லும் குற்றமே என்றது. அதே ஆண்டு செப்டெம்பரிலே, சி.பி.எஸ். நிறுவனத்துக்குச் சொந்தமான 20 நிலையங்களுக்கு, நிலையமொன்றுக்கு 27,500 டொலர் வீதம் 5 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. இதுவும் போதாதென்று காங்கிரஸ் கருதியது. 2006 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஒரு குற்றத்துக்குரிய உச்சத் தண்டத்தை 32,500 டொலரிலிருந்து 325,000 டொலராகப் பத்து மடங்கு உயர்த்தும் சட்டம் ஜனாதிபதி புஷ்ஷின் கையொப்பம் பெற்றது.

வந்து குவிந்த புகார்களின் எண்ணிக்கையை ஆராய்வதும் இங்கே பொருத்தமானது. 1995 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 'பெற்றோர் தொலைக்காட்சி மன்றம்' என்னும் இயக்கம், புகார்க் கடிதங்களை ஆயத்தஞ் செய்து தன் உறுப்பினர் மூலம் அனுப்புவதில் வல்லது. ஏனைய நிகழ்ச்சிகள் குறித்து அக்காலத்தில் வந்த அநாகரிகப் புகார்களுள் மிகப் பெரும் பகுதி அவ்வியக்கத்தின் முயற்சியால் வந்தவை எனப் பத்திரிகைகள் அப்பொழுதே எடுத்துக் காட்டின. ஒருங்கு சேர்ந்து முறையிடுவது குடிமக்களின் உரிமை. பெற்றோரின் கவலையை எள்ளி நகையாடுதல் தகாது. எனினும், நூறாயிரம் கடிதங்கள் வந்தமையால் நூறாயிரம் பேர் தாமே கண்டு, தாமே மனம் நொந்தனர் என்று முடிவு செய்வதும் தகாது. கார்லின் வழக்கில் வந்தது ஒரே முறைப்பாடு; அது நீதிமன்றத்தில் நின்றது. முறைப்பாட்டின் தகுதி வேறு, தொகை வேறு.

சினத்தின் வேகத்திலே பிறந்த கண்டிப்பு எங்கே போய் முடிந்தது? தண்டத்துக்கு அஞ்சிய நிலையங்கள் நல்லதையும் தீயதையும் பிரித்தறியும் துணிவை இழந்தன. அந்த இசை நிகழ்ச்சி நடந்த வாரத்திலேயே, என்.பி.சி. நிறுவனம் தன் மருத்துவமனை நாடகமொன்றிலிருந்து, உயிருக்குப் போராடும் எண்பது வயது மூதாட்டிக்குச் சிகிச்சை செய்யும் காட்சியின் ஒரு பகுதியை நீக்கியது. அதே ஆண்டு நவம்பர் 11 ஆம் திகதி, படைவீரர் நினைவு நாளன்று, இரண்டாம் உலகப் போரைச் சித்திரிக்கும் 'சேவிங் பிரைவேட் ரயன்' என்னும் திரைப்படத்தை ஏ.பி.சி. நிறுவனம் ஒளிபரப்ப முன்வந்தது. முன்னர் 2001 ஆம் ஆண்டிலும் 2002 ஆம் ஆண்டிலும் அதனையே தடையின்றி ஒளிபரப்பியிருந்தது. இம்முறையோ 66 நிலையங்கள் அதனை ஏற்க மறுத்தன. போர்க்களத்தில் வீரர் பேசும் கொச்சைச் சொற்களுக்காகத் தண்டம் வந்துவிடுமோ என்பதே அவற்றின் அச்சம். அப்படம் அநாகரிகமானதன்று என்று ஆணைக்குழு 2005 பெப்ரவரியில் அறிவித்தது. அவ்வறிவிப்பு வந்தபோது நினைவு நாள் கடந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.

இதற்கு ஏழாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை ஒப்பு நோக்குதல் பயன் தரும். 1997 பெப்ரவரியிலே, நாசிகளின் கொடுமையைக் காட்டும் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' என்னும் படத்தை என்.பி.சி. ஒளிபரப்பியது. வதை முகாமிலே ஆடை களையப்பட்ட கைதிகளின் காட்சிகளும் அதில் இருந்தன. காங்கிரஸ் உறுப்பினரொருவர் அதனைக் கண்டித்தார். அவருடைய கட்சியினரே அவரை மறுத்துரைக்க, அவர் மன்னிப்புக் கேட்டார். அங்கே வெளிப்பட்ட நிர்வாணம் மனித இழிவைக் கண்டு வருந்தச் செய்வது. உடல் மறைக்கப்பட்டிருந்ததா என்பதை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டால், அக்கைதிகளும் பாட்டு மேடையும் ஒரே தட்டில் நிறுக்கப்பட்டுவிடும். காட்டப்பட்டது என்ன என்பதுடன், எதற்காகக் காட்டப்பட்டது என்பதையும் கேட்பதே நாகரிகத்தை அறியும் முறை.

சினம் ஆளையும் பிழையாகத் தெரிந்தெடுத்தது. ஆடையைப் பற்றி இழுத்தவர் ஆண்; பழியைச் சுமந்தவர் பெண். போட்டி முடிந்து ஒரு வாரத்தில் நடைபெற்ற கிராமி இசை விருது விழாவில் டிம்பர்லேக் கலந்துகொண்டு இரு விருதுகளைப் பெற்றார். ஜாக்சன் அவ்விழாவிற் காணப்படவில்லை. பின்னர் வந்த ஆண்டுகளில் டிம்பர்லேக்கின் புகழ் வளர, ஜாக்சனின் இசை வாழ்வு தளர்ந்தது. 2018 ஆம் ஆண்டில் அதே போட்டியின் இடைவேளையிலே டிம்பர்லேக் மீண்டும் பாடினார். 2021 ஆம் ஆண்டு பெப்ரவரியில், பதினேழு ஆண்டுகள் சென்ற பின்னரே, அவர் ஜாக்சனிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். பெண்ணின் மானத்தைக் காப்பதாகத் தொடங்கிய ஆரவாரம், அந்தப் பெண்ணின் மானத்தைப் பற்றி எண்ணவேயில்லை.

இறுதியில் வழக்குகள் யாவும் நீதிமன்றத்தை அடைந்தன. சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விதித்த தண்டத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008 ஆம் ஆண்டிலும், மறு விசாரணைக்குப் பின் 2011 ஆம் ஆண்டிலும் தள்ளுபடி செய்தது. நொடிப்பொழுதில் மறைவதைப் பொறுத்துக்கொள்ளும் வழக்கத்தை ஆணைக்குழு தக்க விளக்கமின்றி மாற்றிவிட்டது என்பதே காரணம். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அவ்வழக்கை மேலும் விசாரிக்க மறுத்தது.

அதே மாதத்தில் தீர்ந்த இன்னொரு வழக்கு கடிகார விதியின் விசித்திரத்தை விளக்குவது. 2003 பெப்ரவரியில் ஏ.பி.சி. ஒளிபரப்பிய பொலிஸ் நாடகமொன்றிலே, குளிக்கச் செல்லும் பெண்ணொருத்தியின் பின்புறம் சில விநாடிகள் காட்டப்பட்டது. கிழக்கு மாநிலங்களில் அந்நாடகம் இரவு 10 மணிக்கு இடம்பெற்றது, ஆகவே குற்றமில்லை. நடுப்பகுதி மாநிலங்களில் அதே நாடகம் 9 மணிக்கு இடம்பெற்றது. ஆகவே அங்குள்ள நிலையங்களுக்கு மாத்திரம் மொத்தம் 12 இலட்சம் டொலருக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. 2012 ஜனவரியில் நடைபெற்ற விவாதத்தின்போது, ஏ.பி.சி. தரப்பு வழக்கறிஞர் அண்ணாந்து, நீதிமன்றச் சுவரின் மேற்பகுதியிற் செதுக்கப்பட்டிருந்த ஆடையற்ற பளிங்குச் சிற்பங்களை நீதியரசர்களுக்குச் சுட்டிக் காட்டினார். தண்டிக்கப்படும் என்று முன்கூட்டித் தெளிவாக அறிவியாத ஒன்றுக்காகத் தண்டித்தல் நீதியன்று என்று கூறி, உயர் நீதிமன்றம் அத்தண்டத்தை நீக்கியது. அநாகரிகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசியலமைப்புக்கு ஏற்றதா என்னும் பெருங் கேள்விக்கு அது விடை கூறவில்லை. சட்டம் இன்றும் ஏட்டிலே உள்ளது. தீர்ப்பின் பின்னர், தேங்கிக் கிடந்த பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட புகார்களை ஆணைக்குழு முடித்து வைத்தது. 2004 ஆம் ஆண்டில் விசாரணைக்கு உத்தரவிட்ட மைக்கல் பவல், பத்தாண்டுகளுக்குப் பின் அளித்த பேட்டியொன்றிலே, தாம் அன்று காட்டிய சினம் பதவியின் பொருட்டு வலிந்து வருவித்துக்கொண்டது என்னும் கருத்துப்படப் பேசினார்.

இத்தகைய பூசல் அமெரிக்காவுக்கே உரியதன்று. பிரித்தானியாவிலே மேரி வைற்ஹவுஸ் என்னும் பாடசாலை ஆசிரியை 1964 ஆம் ஆண்டு மே மாதத்தில் பர்மிங்ஹாம் நகர மண்டபத்திலே பெருங் கூட்டமொன்றைக் கூட்டி, தொலைக்காட்சியைத் தூய்மைப்படுத்தும் இயக்கத்தைத் தொடங்கினார். பி.பி.சி. நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக அப்போதிருந்த சேர் ஹியூ கிறீன் அவரைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்க ஆணைக்குழு சினத்துக்குப் பணிந்தது ஒரு பிழையாயின், கிறீன் முறையீட்டைக் கேளாதிருந்தது மற்றொரு பிழையாகும். கேளாத செவியே குரலை உரக்கச் செய்கின்றது. அவ்வம்மையாரின் இயக்கம் பல்லாண்டுகள் வலிமையுடன் நிலைத்தது. காலப்போக்கில் அங்கும் கடிகாரமே நடுவராயிற்று. இரவு 9 மணிக்கு முன் குடும்பத்தினருக்கு ஏற்றவை, அதன் பின் படிப்படியாக வளர்ந்தோருக்கு ஏற்றவை என்னும் நியதியை அந்நாட்டு மக்கள் யாவரும் அறிவர். அறிந்த வரம்பை நிலையமும் மதிக்கின்றது, பெற்றோரும் நம்புகின்றனர்.

இன்று நிலைமை மேலும் மாறியுள்ளது. வானலை வழியாக வரும் ஒளிபரப்புக்கே அமெரிக்க அநாகரிக விதி பொருந்தும். கம்பி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் வருவனவற்றுக்குப் பொருந்தாது. தகாதவற்றைப் பெற்றோரே தடுத்துக்கொள்ளும் மின்னணுச் சில்லு, 13 அங்குலமும் அதற்கு மேலுமான தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்திலும் 2000 ஆம் ஆண்டு முதல் பொருத்தப்பட்டு வந்தது. அதனைப் பயன்படுத்திய பெற்றோர் சிலரே. ஹூஸ்டன் காட்சியை மீண்டும் காண விரும்பியோர் இணையத்தில் அதனை எளிதிற் பெற முடியாதிருந்தது, 2005 ஆம் ஆண்டில் 'யூடியூப்' தளத்தைத் தோற்றுவிக்கத் தூண்டிய காரணங்களுள் ஒன்று என அதனை நிறுவியோருள் ஒருவர் கூறியுள்ளார். கண்ணுக்கு மறைக்க எழுந்த கூக்குரலே, எதனையும் எவரும் எந்நேரமும் காணத்தக்க வாயில் ஒன்று திறக்கத் துணையாயிற்று என்பது எண்ணி வியக்கத்தக்கது. குழந்தையின் கையிலுள்ள தொலைபேசிக்கு இரவு 9 மணியும் இல்லை, 10 மணியும் இல்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. ஒளிபரப்புக்கு வரம்பு வேண்டாம் என்பது இவ்வரலாற்றின் முடிபன்று. இல்லத்துக்குள் வரும் விருந்தாளி வீட்டாரின் மனமறிந்து நடத்தல் வேண்டும். வீட்டாரும் அவ்விருந்தாளி எப்பொழுது வரலாம், என்ன பேசலாம் என்பதை முன்னரே தெளிவாக உரைத்துவிடுதல் வேண்டும். முன்னரே உரைத்த வரம்பு, நோக்கத்தையும் சூழலையும் ஆராயும் பொறுமை, குற்றத்துக்கு அளவான தண்டனை என்னும் இம்மூன்றும் அமைந்த இடத்திலே நாகரிகம் காக்கப்படும். இவை இல்லாத இடத்தில் எஞ்சுவது ஆரவாரம் மாத்திரமே. அது அடங்கிய பின்னர், குழந்தையின் அருகே அமர்ந்து, அது காண்பதைத் தாமுங் கண்டு, நல்லது இது, அல்லது இது என்று எடுத்துச் சொல்லும் கடமை முன்போலவே பெற்றோரிடம் மீண்டு வருகின்றது.